நாலு கம்பி கபீர் பாய்

கொழும்பிலிருந்து வந்த நீளப் பெட்டியைத் திறந்ததும் ஹைருன் பீவி செய்த முதல் காரியம், கம்பியை எண்ணியதுதான். அவள் தறிக்கு ஊடைநூல் தார் சுற்றுகிறவள். எதைப் பார்த்தாலும் கண் தானாக இழை எண்ணும். எண்ணி முடித்துவிட்டு, பயணக் களைப்போடு உட்கார்ந்திருந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிதாருக்கு ஆறு கம்பின்னுல்லா எங்க வீட்டுல இவிய சொன்னாவ. இதுல நாலுதான் கிடக்கு. மிச்சம் ரெண்டை எங்கன விட்டுட்டு வந்தியண்ணே?"

அண்ணன் ஒலி முகம்மதுவுக்குச் சுருக்கென்றது. கொழும்பு புறக்கோட்டையில் சாரம், அதாவது லுங்கி, விற்கிறவர். எப்பேர்ப்பட்ட வாடிக்கையாளரையும் பேசி மடக்குகிற மனிதர். தங்கையிடம் மட்டும் அவருக்கு வாய் எழும்பாது. நடந்தது இதுதான். ஓட்டலில் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பறங்கிக்காரர், குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். அதில் இரண்டு கிதார் இருந்தன. சின்னதில் ஆறு கம்பி, பெரியதில் நாலு. விலை இரண்டுக்கும் ஒன்றுதான். ஜவுளிக்காரர் எதை எடுப்பார்? அதே விலைக்கு ஒரு முழம் கூடுதலாக வருகிறதே என்று நீளமானதை எடுத்துக்கொண்டார். கம்பியை ஊரில் போய்ப் பூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். தனுஷ்கோடியில் சுங்கக்காரர் விசாரித்தபோதுகூட, "கிதாருங்கய்யா, கொஞ்சம் ரிப்பேர்" என்றுதான் சொன்னாராம். புயல் வந்து தனுஷ்கோடியைக் கொண்டுபோவதற்கு முந்தின வருஷம் அது.

அந்த ரிப்பேர் கிதாரைக் கைநீட்டி வாங்கிக்கொண்ட தங்கை மாப்பிள்ளைதான் அகமது கபீர். தென்காசியில் குழித்தறி போட்டு லுங்கி நெய்துகொண்டிருந்தார். கல்யாண வீடுகளில் புல்புல்தாரா வாசிப்பார். வாசிப்பு சுமார்தான், அதை அவரே ஒப்புக்கொள்வார். ஆனால் தாளம் பிசகவே பிசகாது. மீசை முளைக்கும் முன்பே தறி மிதிக்க ஆரம்பித்த கால் அது. பாட்டு எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தக் கால் தன் இடத்தை விட்டு நகராது.

வந்த வாத்தியத்தில் பாட்டு வரமாட்டேன் என்றது. மெட்டு வாசிக்கப் போனால், ஜலதோஷம் பிடித்தவர் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். தெருவில் 'குறைக் கம்பிக் கிதார்' என்று பெயர் விழுந்துவிட்டது. மச்சான் ஆசையாகக் கொண்டுவந்ததைக் குறை சொல்லக் கபீருக்கு மனசு வரவில்லை. குறை சொல்லாமல் இருக்கலாம், வாசிக்காமல் இருக்க முடியுமா? வருஷக்கணக்காகக் கேட்டு வந்த பொருள் அல்லவா.

விடை கொல்லத்தில் கிடைத்தது. லுங்கிக் கட்டை ரயிலில் கொண்டுபோய்க் கொல்லத்தில் போட்டுவிட்டுத் திரும்பும்போது, ஒரு ஓட்டல் ஜன்னலுக்கு வெளியே நின்று பாண்டு வாத்தியம் கேட்டார். உள்ளே ஒருவர், ஆள் உயரப் பிடில் ஒன்றை நிறுத்தி வைத்துக்கொண்டு, வில் இல்லாமல் விரலாலேயே சுண்டிக்கொண்டிருந்தார். கபீர் எட்டிக் கம்பியை எண்ணினார். நாலு. நம்பாமல் மறுபடியும் எண்ணினார். நாலேதான். அந்த ஆள் பீடி பற்றவைக்க வெளியே வந்ததும், கம்பி ஏதும் குறைகிறதா என்று போய்க் கேட்டேவிட்டார்.

"குறவொந்நும் இல்லா. இது பாஸ் அல்லே," என்றார் அந்த மலையாளத்துக்காரர். "பாட்டின்றெ தறயாணு இது. தற ஆரும் நோக்கில்லா. பக்ஷே அதில்லாதெ நில்க்கான் பற்றுமோ?"

பாட்டுக்குத் தரை. தரையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை, அது இல்லாமல் நிற்கவும் முடியாது. கபீருக்கு அன்றைக்கு ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. ஆரியங்காவு தாண்டிச் செங்கோட்டை வரும்வரை கதவருகே நின்றபடி, ரயில் சத்தத்துக்கு விரலால் தொடையில் தட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "ஹைருன், கம்பி சரியாத்தான் இருக்கு" என்றார். அவள் நம்பவில்லை. அண்ணனைக் காப்பாற்றச் சொல்லுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு கற்றுக்கொண்டதெல்லாம் ரேடியோவில்தான். டீக்கடை ரேடியோப் பெட்டியின் பக்கவாட்டில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, பாடுகிறவரை விட்டுவிட்டு, அடியில் நடக்கிற சத்தத்தை மட்டும் பிடிப்பார். "பாய், பாடுதவன் உள்ள இல்லவே, மெட்ராஸ்ல இருக்கான்" என்று கடைக்காரர் கேலி செய்வார். கபீர் ஒரு டீயை ஆறவைத்துக் குடித்தபடி, கேட்டதை மனசில் முடிந்துகொண்டு போவார்.

அந்த ஊரில் சிற்றாறு இன்னிசைக் குழு என்று ஒன்று இருந்தது. தலைவர் தில்லைநாயகம், ஆர்மோனியக்காரர். நல்ல மனிதர், மூக்குப்பொடியும் நாக்கும்தான் காரம். எலெக்ட்ரிக் கிதார் என்று நோட்டீசில் போட்டால் எடுப்பாக இருக்குமே என்று கபீரைச் சேர்த்துக்கொண்டார். மேடையில் அந்த நீள வாத்தியத்தைப் பார்க்கக் கூட்டம் கூடத்தான் செய்தது. பார்த்தார்களே தவிர ஒருவருக்கும் அது கேட்கவில்லை.

குற்றம் கபீருடையது அல்ல. அந்தக் காலத்தில் கல்யாண வீடு என்றால் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான். குழுவின் பாடகி முருகம்மாள் பாடினால் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். டோலக்கு கேட்கும். ஆர்மோனியம் கேட்கும். கபீர் வாசிப்பது மட்டும் அந்தத் தகரக் குழாய்க்குள் நுழையாமலே செத்துப்போகும். அச்சன்புதூரில் ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரர் ஒருவர் அனுதாபத்தோடு வந்து, "இவரை ஏன் சும்மா நிக்க வச்சிருக்கிய, ஒரு ஜால்ராவாவது குடுங்களேன்" என்று தில்லைநாயகத்திடம் சொல்லிவிட்டார்.

தில்லைநாயகத்துக்கு அது பொறுக்கவில்லை. அன்றைக்கு வாத்தியங்களை மூட்டை கட்டும்போது பேச்சை எடுத்தார்.

"பாய், உள்ளதைச் சொல்லுதேன், வருத்தப்படக்கூடாது. பாட்டுக்கு நடுவுல நீரு வாசிக்கதை நிறுத்தினாக்கூட ஒருத்தனுக்கும் தெரியாது. உம்ம இடத்துல ஒரு பாங்கோஸ்காரனைப் போட்டா கைதட்டாவது வரும். ஆடி மாசம் குற்றாலத்துல குற்றாலிங்கம் அண்ணாச்சி கச்சேரி இருக்குல்லா, அதுவரைக்கும் பாப்போம். அதுலயும் இப்படித்தான்னா, நீரு தறியைப் பாத்துக்கிடும்."

குற்றாலிங்கம் பாவூர்சத்திரத்துக் காய்கறிக் கமிஷன் மண்டிக்காரர். ஆண்டுதோறும் சாரல் சமயத்தில் குற்றாலத்துப் பங்களாவில் சொந்தபந்தங்களை அழைத்து ஒரு கச்சேரி வைப்பார். அங்கே அவர் தலையாட்டிவிட்டால் ஆவணிக் கல்யாணங்கள் அத்தனையும் அந்தக் குழுவுக்குத்தான். மண்டிக்கு வந்து போகிற சுற்றுவட்டாரம் முழுக்க அவர் பேச்சுக்குக் காது கொடுக்கும்.

கபீர் நேரே மைக் செட் பால்வண்ணநாதனிடம் போனார். பால்வண்ணநாதன் அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "குழாயில அடிச்சத்தம் வராதுண்ணே. வாய் அகலமான ஸ்பீக்கர் வேணும். மூடிப்போன டூரிங் டாக்கீஸ்ல திரைக்குப் பின்னால வச்சிருந்தது ஒண்ணு நம்ம கொட்டடியில சும்மாதான் கிடக்கு, எடுத்துக்கிடுங்க. ஆனா அது மட்டும் போதாது. கனமான மரத்துல பெட்டி அடிச்சு உள்ள வச்சாத்தான் குரல் எழும்பும். பழைய தேக்கா இருந்தா நல்லது."

கபீர் வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபடியே உள்ளே பார்த்தார். பழைய தேக்கு எதிரேயே நின்றது. அவருடைய தறி.

தறியைக் கழற்றிய அன்று ஹைருன் பீவி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கால்களும் சட்டங்களும் தச்சர் வீட்டுக்குப் போயின. தறிக்குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. திறந்து கிடந்தால் மறுபடி அதில் இறங்கத் தோன்றும் என்று கபீர் மண் அள்ளிப் போட்டு, குழியை நிரப்பி, திம்சுக் கட்டையால் இடித்துச் சாணமும் மெழுகிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவள் பேசினாள்.

"தறியை ஒடைச்சு வாத்தியத்துக்குப் பெட்டி செஞ்ச ஆளு இந்தத் தாலுகாவுலயே நீங்க ஓராள்தான் இருப்பிய. அண்ணாச்சி வேண்டாம்னு சொல்லிட்டா என்ன செய்வியளாம்?"

"கூலித்தறிக்குப் போவேன்."

"சொந்தத்தறி வச்சிருந்த மனுசன் கூலித்தறியில போய் உக்காருவிய. நான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

அடுத்த வாரம் பூராவும் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. சோற்றுத்தட்டு கபீர் முன்னால் வந்து விழுகிற சத்தத்திலேயே அன்றைய கோபத்தின் அளவு தெரிந்துவிடும். அவள் அக்கம்பக்கத்துத் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். அவர் நிரப்பிய குழியின் மேல் பெட்டியை வைத்து, பால்வண்ணநாதன் பூட்டிக் கொடுத்த வால்வு ஆம்ப்ளிஃபயரில் வாத்தியத்தைச் சேர்த்து, பகலெல்லாம் வாசித்தார். மெழுகின தரை வழியாக அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் வந்தது. உலைமூடி லேசாகக் கிடுகிடுத்தது. ஹைருன் அதைக் கவனித்தாள்.

கோபம் ஆறினால் ஒரு பெண் என்ன செய்வாள்? தன்னால் முடிந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லாமல் செய்வாள். கச்சேரிக்கு முந்தின நாள் காலையில் கபீர் வெளியே போயிருந்தபோது ஹைருன் யோசித்தாள். போன வருஷம் குற்றாலச் சாரலில் நனைந்துதான் கம்பியெல்லாம் துருப் பிடித்தது. அதற்கப்புறம் வாத்தியப் பெட்டிக்குள் கரித்துண்டு பொட்டலம் போட்டு வைக்கிறார், மல் துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைக்கிறார். அறுந்தால் வேறு கம்பிக்குக் கொழும்புக்குத்தான் சொல்லி அனுப்பவேண்டும். குற்றாலத்துக்கு நனையப் போகிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். அவள் செக்கு நல்லெண்ணெயை எடுத்து, நாலு கம்பிக்கும் அடிமுதல் நுனிவரை, பிள்ளைக்குத் தேய்க்கிற பக்குவத்தில் தேய்த்துவிட்டாள். மரத்துக்கும் ஒரு பூச்சு பூசினாள்.

கபீர் வந்து முதல் கம்பியைச் சுண்டினார். சத்தம் எழும்பிய இடத்திலேயே படுத்துக்கொண்டது. கம்பிமேல் சுற்றியிருந்த நெளிகளுக்குள் எல்லாம் எண்ணெய் இறங்கியிருந்தது. அவர் துடைத்தார், துடைக்கத் துடைக்கப் பிசுபிசுத்தது. தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அவளுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

"நாந்தான்," என்றாள் ஹைருன். "நனைஞ்சா துருப்பிடிக்குமேன்னுதான்."

"தெரியுது."

"நாளைக்கு என்ன செய்விய?"

"நாளைக்குத் தில்லைநாயகம் சொன்னதுதான் நடக்கும். ஒருத்தருக்கும் கேக்காது."

ஹைருன் கம்பியில் விரலை ஓட்டி, ஒட்டின பிசுக்கைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகினாள். "கழத்துங்க," என்றாள்.

"எதை?"

"நாலையும் கழத்துங்க. புது நூலு பிசுக்கோட வந்தா நாம என்ன செய்யிதோம்? சலவைச் சோடா போட்டு அவிக்கோமா இல்லியா? அவிச்ச பொறகு நூல் வெள்ளையா வருதா இல்லியா? நூலுக்குப் போற எண்ணெய் கம்பிக்குப் போகாதா?"

கம்பியை அவிப்பது என்று அவர் கேள்விப்பட்டதே இல்லை. வேறு வழியும் இல்லை. தறி போன வீட்டில் நூல் அவிக்கிற அண்டா மட்டும் மிச்சம் இருந்தது. அவள் தண்ணீர் கொதிக்கவைத்துச் சோடாவைப் போட்டாள். அவர் நாலு கம்பியையும் பாம்பு போலச் சுருட்டி உள்ளே விட்டார். எண்ணெயோடு வருஷக்கணக்கான கை அழுக்கும் சேர்ந்து மேலே கறுப்பாக மிதந்து வந்தது. பறங்கிக்காரர் காலத்து அழுக்கும் அதில் இருந்திருக்கும். வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, ஈரம் தங்காதபடி அடுப்புக் கங்கின் சூட்டில் காட்டி, கபீர் ஒவ்வொன்றாக மறுபடி பூட்டினார். தடிக்கம்பியைச் சுண்டினார்.

அப்படி ஒரு சத்தத்தை அந்த வாத்தியம் அவரிடம் அதுவரை கொடுத்ததே இல்லை. உருண்டு, திரண்டு, அடங்காமல் நின்றது. ஹைருன் நின்ற இடத்தில் அவள் பாதத்துக்கு அடியில் தரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

குற்றாலத்தில் அன்று நல்ல சாரல். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. குற்றாலிங்கம் அண்ணாச்சியின் பங்களா அருவிக்குப் போகிற சாலையிலேயே இருந்ததால், மாடிக் கூடத்தில் உட்கார்ந்தால் அந்த இரைச்சல் விடாமல் கேட்கும். பலகைத் தளம் போட்ட பழைய மாடி அது. கபீர் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி, மேலே தூக்கி, மேடை ஓரத்தில் பலகைமேல் வைத்தார். தில்லைநாயகம் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதென்னவே, செத்தவனைத் தூக்குத மையத்துப் பெட்டி மாதிரி."

"தறிதான் அண்ணாச்சி," என்றார் கபீர். தில்லைநாயகத்துக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது பொடி டப்பாவைத் திறந்து மூடினார்.

கச்சேரி சாயங்காலம் ஆரம்பித்தது. குளித்துவிட்டு வந்த ஈரத்தலைகளும் மங்குஸ்தான் தோலுமாகக் கூடம் நிறைந்திருந்தது. முருகம்மாள் நன்றாகப் பாடினாள். கபீர் முதல் பாட்டிலிருந்தே உயிரைக் கொடுத்து வாசித்தார். கம்பி கணீரென்று பேசியது, பெட்டி வாங்கிப் பலகைக்குக் கொடுத்தது. ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடியிலேயே ஓடுகிற அந்தச் சத்தத்தை வந்தவர்கள் அருவிக் கணக்கில் எழுதிவிட்டார்கள். தில்லைநாயகம்கூட இரண்டு பாட்டுக்கு நடுவில் குனிந்து, "அதான் அருவியே இரையுதே பாய், இது எதுக்கு?" என்றார். தறியும் போய், குழியும் மூடி, கடைசியில் அருவியோடு போட்டியா என்று கபீருக்கு இருந்தது.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாயும்போது ஒரு இடைவேளை விட்டுவிடுவார்கள். மற்றவர்கள் டீ குடிப்பார்கள், கபீர் போய் மஃரிப் தொழுதுவிட்டு வருவார். காரமான நாக்குக்காரர் என்றாலும் தில்லைநாயகம் அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. அன்றைக்கு மட்டும் தவறியது. இடைவேளைக்கு முந்தின பாட்டு முடிந்ததும் குற்றாலிங்கம் கையை உயர்த்தி, "எம்மா, அதையே இன்னொரு தரம் பாடு" என்றுவிட்டார். அண்ணாச்சி கேட்ட பிறகு டீயாவது இடைவேளையாவது. மேகம் மூடியிருந்ததால் பொழுதும் தெரியவில்லை. பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

பாதிப் பாட்டில் காற்று ஒரு கணம் தணிந்தது. கடைத்தெருப் பள்ளிவாசலின் பாங்கு ஓசை மெலிதாக வந்து கபீர் காதில் விழுந்தது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. பாங்கு சொல்லும்போது தறியில் நாடா ஓட்டினதில்லை அவர், வாத்தியத்தில் விரல் வைத்ததில்லை. இப்போது நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அண்ணாச்சி ஆசைப்பட்டுக் கேட்ட பாட்டை நடுவில் விட்டவர் என்று பேராகும். அல்லது தில்லைநாயகம் சொன்னபடி, நிறுத்தினதே ஒருவருக்கும் தெரியாமல் போகும். எது நடந்தாலும் கூலித்தறிதான். கபீர் உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்து அமர்த்தி, தலையைக் குனிந்துகொண்டார்.

பாட்டு அந்தரத்தில் நின்றது.

முருகம்மாள் பாடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் குரல் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் தவித்தது. டோலக்குக்காரர் ஒரு தட்டு முந்தினார், ஆர்மோனியம் அவரைப் பிடிக்கப் போய்த் தடுமாறியது. கூடத்தில் பேச்சு அடங்கியது. மங்குஸ்தான் உரித்த கைகள் அப்படியே நின்றன. என்னவோ இல்லாமல் போய்விட்டது, என்னவென்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. குற்றாலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கால்களைப் பலகையில் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு ஜன்னலோரம் இருந்த மருமகனைக் கூப்பிட்டார்.

"ஏலே, அருவி நின்னுபோச்சா? எட்டிப் பாரு."

மருமகன் எட்டிப் பார்த்தான். "இல்ல மாமா, கொட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்பம் என்னதுலே நின்னுது?"

முருகம்மாள் பாடுவதை நிறுத்திவிட்டாள். தில்லைநாயகம் மெல்லத் திரும்பிக் கபீரைப் பார்த்தார். குனிந்த தலையையும் கம்பிமேல் இருந்த கையையும் பார்த்தார். எழுந்து நின்று, "அண்ணாச்சி, பாய்க்குப் பாங்கு நேரம். மன்னிக்கணும், ரெண்டு நிமிசம் பொறுத்துக்கிடுங்க" என்றார். கூடம் முழுக்கப் பேசாமல் பொறுத்திருந்தது. அருவி மட்டும் இரைந்தது. அதுவரை கேட்டது அந்த இரைச்சல் இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

பாங்கு முடிந்து, கபீர் உதட்டுக்குள் துஆ ஓதி, கைகளை முகத்தில் தடவிக்கொண்டார். அண்ணாச்சி கேட்ட பாட்டைப் பாதியில் விட்டுத் தொழப் போக அவர் பிரியப்படவில்லை. முடித்துக் கொடுத்துவிட்டுப் போனாலும் நேரம் இருக்கிறது. தடிக்கம்பியில் விரலை வைத்துச் சுண்டினார். பலகை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அந்தச் சத்தத்தை வாங்கிக்கொண்டது. உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அடியிலிருந்து அது ஏறியது. யாரோ "ஆங்" என்றார்கள். குற்றாலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுதானா? இவ்வளவு நேரமும் இவரா?" என்று எழுந்தே வந்துவிட்டார். பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்தார். "நான் அருவின்னுல்லா நெனைச்சேன். பாய், நீரு தனியா கொஞ்சம் வாசியும்."

கபீர் தனியாக வாசித்தார். மெட்டு இல்லை, ஜாலம் இல்லை. தறி மிதிக்கிற நடையில் அந்த நாலு கம்பிமேல் நடந்தார். கூடத்தில் இருந்த கால்கள் எல்லாம் தானாகத் தட்ட ஆரம்பித்தன. அதன்மேல் முருகம்மாள் சொல்லாமலே வந்து சேர்ந்துகொண்டாள். அந்தப் பாட்டை அவள் அன்றைக்குப் பாடினது போல அதற்கு முன்னும் பின்னும் பாடினதில்லை என்று வந்திருந்தவர்கள் சொல்லுவார்கள். "நீங்க வாசிக்கதை நிறுத்தினப்போ, இருக்கும்னு நெனைச்சுப் படியில காலை வச்சு, படி இல்லாமப் போன மாதிரி ஆயிட்டு பாய்," என்றாள் அவள், கைதட்டல் அடங்கியபின்.

தொழுதுவிட்டுத் திரும்பியபோது தில்லைநாயகம் கையில் டீயோடு மாடிப்படியில் நின்றார். டீ கபீருக்குத்தான்.

"நீரு நிறுத்தினா ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு சொன்னேன்லா," என்றார். பொடியை ஒரு இழுப்பு இழுத்தார். "தப்பாச் சொல்லிட்டேன். ஆவணியில பதினோரு கல்யாணம் அண்ணாச்சி இப்பமே சொல்லிட்டாரு. பெட்டியைத் தூக்க நானும் ஒரு கை பிடிக்கேன்."

கபீர் தென்காசிக்கு வந்து சேர்ந்ததும் ஹைருன் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பெட்டியை மறுபடி குழி இருந்த இடத்தில் இறக்கி வைக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு தறி வரவில்லை. ஒவ்வொரு சாரல் முடிந்ததும் அண்டாவில் சோடா போட்டுக் கம்பி அவிப்பது மட்டும் வழக்கமாகிவிட்டது. 'குறைக் கம்பி' போய் 'நாலு கம்பி பாய்' என்று ஆனது. பெண் வீட்டுக்காரர்கள் தில்லைநாயகத்திடம் வந்து, "தரை அதிருத பாய் வருவாருல்லா?" என்று கேட்டுக்கொண்டுதான் நாள் குறித்தார்கள். கபீருக்குப் பெருமை தாங்கவில்லை. ஏன் மறைக்கவேண்டும், அவர் அதை மறைக்கவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒலி முகம்மது மகள் கல்யாணத்துக்காகக் கொழும்பிலிருந்து சொந்த ஊரான வடகரைக்கு வந்து சேர்ந்தார். கச்சேரி தங்கை மாப்பிள்ளையின் குழுதான். பந்தலில் ஆட்கள் கூடிக்கொண்டிருக்கும்போது அவர் மேடை ஓரத்துக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். தங்கை அன்றைக்குக் கேட்ட கேள்வி இத்தனை வருஷமும் அவரைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"ரெண்டு கம்பி மாப்பிளே. கொழும்பு பூரா அலைஞ்சு வாங்கினேன். ஆரம்பிக்க முன்னால பூட்டிடும். என் மக கல்யாணத்துல கொறையோட வாசிக்கவேண்டாம்."

"ஒரு பாட்டு முடியட்டும் மச்சான்," என்றார் கபீர்.

ஒலி முகம்மது பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தது. முதலில் பெஞ்சு, பிறகு அவர் முதுகு, பிறகு நெஞ்சுக்குழி என்று அது ஏறியது. பக்கத்தில் இருந்தவர் அவரிடம் குனிந்து, இந்த வாத்தியத்துக்காகத்தான் இந்தக் குழுவையே கூப்பிடுகிறார்கள், யாரோ கொழும்பிலிருந்து பார்த்துப் பார்த்து வாங்கி வந்ததாம் என்றார். ஒலி முகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொட்டலம் மெல்லச் சட்டைப் பைக்குள் போயிற்று.

பாட்டு முடிந்ததும் பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கிக்கொண்டு ஹைருன் பீவி தலையை நீட்டினாள். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"என்னண்ணே, ரெண்டு கம்பி கொண்டாந்தியளாமே. எங்கன?"

"எந்த ரெண்டு கம்பி?" என்றார் ஒலி முகம்மது. "நான் அன்னைக்கே சரியாப் பாத்துத்தான் வாங்கினேன்."